துருவா-ரிவியேர் பழைய நகரம்: அரை நாளில் எதைப் பார்ப்பது, எதை விடுவது

கேள்வி இதுதான்: மொன்றியலில் இருந்து காரில் கப்-டெ-லா-மட்லேன் மாதா திருத்தலத்துக்குப் போகிறீர்கள். இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். பக்கத்தில் இருக்கும் துருவா-ரிவியேர் பழைய நகரத்துக்கு அரை நாள் ஒதுக்கினால் பிரயோசனம் உண்டா? கூடவே வயதான பெற்றோரும் ஏழு வயதுப் பிள்ளையும் வருகிறார்கள், யாருக்கும் பிரெஞ்சு வராது.

தாராளமாக ஒதுக்கலாம். ஆனால் கியூபெக் நகரத்தின் பழைய பகுதியை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாந்துபோவீர்கள். அங்கே மதில், கோட்டை, மலைச்சரிவுத் தெருக்கள் என்று இரண்டு நாள் நடந்தாலும் தீராது. இங்கே 18ஆம் நூற்றாண்டுக் கட்டடம் என்று சொல்லக்கூடியவை ஒன்றரைத் தெருவுக்குள் அடங்கிவிடும். காரணம் 1908 ஜூன் 22ஆம் தேதி மூண்ட தீ. மரவீடுகள் நெருங்கிக் கிடந்த நகர மையத்தின் பெரும்பகுதி அன்று எரிந்து போனது, பழைய பங்குக் கோயில் உட்பட. ஆற்றோரமாக உர்சுலின் தெருவும் அதைச் சுற்றிய சில கட்டடங்களும்தான் தப்பின. ஆகவே இந்த ஊரில் நடக்கும்போது நிற்கிற இடம் தீ வந்த பக்கமா, வராத பக்கமா என்று மட்டும் பார்த்துக்கொண்டே போங்கள். சுண்ணாம்பு பூசிய கல்சுவர், சரிந்த கூரை, சிறிய சன்னல்கள் என்றால் தீ வராத பக்கம். தட்டைக் கூரையும் செங்கல் முகப்பும் கொண்ட மூன்று மாடிக் கடை வரிசை என்றால் எரிந்து மறுபடி கட்டிய பக்கம். ஃபோர்ஜ் தெரு முழுக்க இரண்டாவது வகைதான்.

ஊரின் வயதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1608இல் கியூபெக், 1634இல் துருவா-ரிவியேர், 1642இல் மொன்றியல். சென் லோரன்ஸ் ஆற்றோரப் பிரெஞ்சு நகரங்கள் மூன்றும் இந்த வரிசையில்தான் வந்தன. கியூபெக்கை நிறுவிய சாம்ப்லேன் அனுப்பிய லவியொலெத் என்பவர் 1634 ஜூலை 4இல் ஆற்றங்கரை மேட்டில் கோட்டை போட்டார். ஊர்ப்பெயருக்கு மூன்று ஆறுகள் என்று பொருள், ஆனால் அங்கே மூன்று ஆறுகளைத் தேட வேண்டாம். வடக்கே இருந்து வரும் சென்-மொரிஸ் ஆறு சென் லோரன்ஸில் கலக்கும் இடத்தில் தீவுகள் குறுக்கே கிடப்பதால் மூன்று வாய்க்கால்களாகப் பிரிகிறது. படகில் வந்தவர்கள் கண்ணுக்கு அது மூன்று ஆறுகளாகத் தெரிந்தது. அந்தத் தீவுகளில் ஒன்றான சென்-கொந்தேனில் 1535இலேயே பிரெஞ்சுக் கடலோடி ஜாக் கார்த்தியே ஒரு சிலுவையை நட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

போகும் வழி. மொன்றியலில் இருந்து 40ஆம் நெடுஞ்சாலையில் கிழக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர், நெரிசல் இல்லாவிட்டால் ஒன்றரை மணி நேரம். கியூபெக் நகரில் இருந்து வந்தாலும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். ரயில் கிடையாது. டொரொன்டோவில் இருந்து மொன்றியல் வழியாகக் கியூபெக் போகும் அதிவேக ரயில் திட்டத்தில் இந்த ஊருக்கும் ஒரு நிலையம் அறிவித்திருக்கிறார்கள், அதை நம்பி இப்போதைக்குப் பயணம் போட முடியாது. கார் இல்லாதவர்களுக்கு பெரி-யுகாம் மெட்ரோவை ஒட்டிய பஸ் நிலையத்தில் இருந்து ஓர்லேயான் எக்ஸ்பிரஸ் பஸ் உண்டு. டிக்கெட் எடுக்கும்போதே துருவா-ரிவியேரில் எந்த முகவரியில் இறக்கிவிடுகிறார்கள் என்று பார்த்து, அங்கிருந்து மையத்துக்கு நடைதூரம்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

உங்களைப் போலத் திருத்தலத்தையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் முதலில் திருத்தலம், பிறகு நகரம் என்று வைத்துக்கொள்வது நல்லது. காலைப் பூசை முடித்து, 1720இல் கட்டிய சின்னக் கற்கோயிலையும் 1964இல் திறந்த எண்கோணப் பெருங்கோயிலையும் பார்த்துவிட்டுக் கிளம்பினால் பதினொன்றரைக்கு நகர மையத்துக்கு வந்துவிடலாம். நெடுஞ்சாலையில் ஏறாமல் 138ஆம் சாலையைப் பிடித்து டுப்ளெசி பாலத்தின் வழியாக வாருங்கள். சென்-மொரிஸ் ஆற்றின் வாய்க்கால்களையும் நடுத்தீவையும் கடந்து வருவதால் ஊர்ப்பெயரின் காரணம் கார் சன்னலிலேயே தெரியும்.

அந்தப் பாலத்துக்கே ஒரு கதை உண்டு. திறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த நிலையில் 1951 ஜனவரி 31 அதிகாலை, பூஜ்யத்துக்குக் கீழே முப்பது பாகை தாண்டிய குளிரில், பாலத்தின் ஒரு பகுதி முறிந்து ஆற்றுக்குள் விழுந்தது. உயிர்களும் போயின. கம்யூனிஸ்டுகளின் நாசவேலையாக இருக்கலாம் என்று அப்போதைய மாகாண முதல்வர் டுப்ளெசி பேசினார். ஆய்வில் அகப்பட்ட குற்றவாளி எஃகுதான். கரிமமும் கந்தகமும் அளவுக்கு மேல் கலந்த எஃகு கடுங்குளிரில் வளைந்து கொடுக்கும் தன்மையை இழந்து கண்ணாடிபோல நொறுங்கும். உலோகப் பொறியியல் வகுப்புகளில் இன்றும் இந்தப் பாலத்தை உதாரணம் காட்டுகிறார்கள். இப்போது இருப்பது திரும்பக் கட்டியது, பயமில்லாமல் போகலாம்.

காரை நிறுத்துவதில்தான் வெளியூர்க்காரர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். தெருவோரப் பலகைகள் பிரெஞ்சில் மட்டும் இருக்கும். பச்சை வட்டம் நிறுத்தலாம் என்பது, சிவப்பு வட்டத்தில் குறுக்குக்கோடு கூடாது என்பது. அதற்குக் கீழே உள்ள நேரத்தையும் நாளையும் மாதத்தையும் மூன்றையுமே பார்க்க வேண்டும். 'மார்' என்று மூன்றெழுத்தில் இருந்தால் செவ்வாய்க்கிழமை, கடைசியில் ஓர் எஸ் சேர்ந்து நாலெழுத்தில் இருந்தால் மார்ச் மாதம். இதைக் குழப்பிக்கொண்டு அபராதச் சீட்டு வாங்குகிறவர்கள் பலர். 'வின்யெத்' என்ற சொல் கண்ணில் பட்டால் அந்த இடம் உரிமச் சீட்டு வைத்திருக்கும் குடியிருப்பாளர்களுக்கு உரியது, தொடவேண்டாம். பெரியவர்களோடு போகிறவர்கள் தெருவில் இடம் தேடிச் சுற்றாமல் மையத்தில் உள்ள கட்டண நிறுத்தம் ஒன்றில் நாலு மணி நேரத்துக்குப் போட்டுவிடுங்கள். பார்க்க வேண்டிய பழைய கட்டடங்களுக்கு அங்கிருந்து மறுபடி கார் எடுக்கத் தேவையில்லை. இன்னொன்று, மொன்றியல் தீவுக்குள் சிவப்பு விளக்கில் வலப்பக்கம் திரும்பக் கூடாது என்ற பழக்கத்தில் இங்கேயும் நின்றுகொண்டிருந்தால் பின்னால் ஹாரன் அடிப்பார்கள். தடைப்பலகை இல்லாத சந்தியில் முழுதாக நிறுத்தி, நடப்பவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

நடையை உர்சுலின் தெருவில் தொடங்குங்கள். சமதளமான சின்னத் தெரு, பெற்றோருக்குச் சிரமம் இராது. ஃபோர்ஜ் தெருவில் சாப்பாடு, ஐஸ்கிரீம் என்று தொடங்கியவர்கள் இங்கே வந்து சேரும்போது களைத்துப்போய் இரண்டு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஊரில் பழையது இருப்பதே இங்குதான்.

உர்சுலின் கன்னியர் 1697இல் கியூபெக்கில் இருந்து வந்து இங்கே பள்ளியும் மருத்துவமனையும் நடத்தினார்கள். மடம் 1752இலும் 1806இலும் எரிந்து, இரண்டு முறையும் எழுப்பப்பட்டது. இப்போது உள்ளே அருங்காட்சியகம் இருக்கிறது. கன்னியரின் பூத்தையல், வெள்ளிச் சாமான், பள்ளிக்கூடப் பொருட்கள் என்று அமைதியான காட்சி. குவிமாடம் வைத்த சிற்றாலயத்தையும் அங்கிருந்தே கேட்டுப் பார்க்கலாம். பூவேலையில் ஈடுபாடு உள்ள அம்மாமாருக்கு ஒரு மணி நேரம் போவதே தெரியாது. பிள்ளை பத்து நிமிடத்தில் நெளியத் தொடங்கிவிடும்.

உள்ளே போகாவிட்டாலும் சுவரில் இருக்கும் சூரியக் கடிகாரத்தை விடாதீர்கள். நாட்கள் நிழலைப் போன்றவை என்று லத்தீனில் எழுதியிருக்கிறது. வெயில் விழும்போது முள்ளின் நிழலையும் கைபேசி நேரத்தையும் பிள்ளையை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கோடையில் நிழல் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்திக் காட்டும். கடிகாரத்தில் கோளாறு எதுவும் இல்லை. கோடையில் நம் கைபேசி ஓடுவது 60 பாகை மேற்குத் தீர்க்கரேகையின் நேரத்தில், இந்த ஊர் இருப்பதோ எழுபத்திரண்டரைப் பாகையில். பாகைக்கு நாலு நிமிடம் என்று பெருக்கிப் பார்த்தால் கணக்கு சரியாக வரும். பூமியின் சுற்றுப்பாதையால் மாதத்துக்கு மாதம் சில நிமிடம் கூடவோ குறையவோ செய்யும்.

இந்த மடத்தைப் பற்றி ஒரு கடன்கதையும் உண்டு. 1776 ஜூன் 8இல் அமெரிக்கப் புரட்சிப் படை இந்த ஊரைப் பிடிக்க வந்து தோற்றது. காயம்பட்ட அமெரிக்கப் படையினருக்குக் கன்னியர் மருந்திட்டார்கள். அதற்கான கட்டணம் பிறகு தருவதாக எழுதிக்கொடுத்ததோடு சரி, வரவே இல்லை. 2009இல் நகரம் 375ஆம் ஆண்டைக் கொண்டாடியபோது, ஜூலை 4ஆம் தேதி, அமெரிக்கத் துணைத்தூதர் வந்து அடையாளமாக 130 டாலர் கொடுத்துத் தீர்த்தார். வட்டி போட்டிருந்தால் தொகை எங்கே போயிருக்கும் என்பது ஊர்க்காரர்களின் பழைய வேடிக்கை.

அதே தெருவில் இன்னும் இரண்டு கட்டடங்கள். ஒன்று தொனாங்கூர் மாளிகை. 1720களில் கட்டி, 1784இல் எரிந்து, 1795இல் திரும்ப எழுந்தது. படைவீரர் விடுதி, குருமனை, ஆயர் இல்லம், பள்ளி என்று பல வேடம் போட்டு இப்போது ஓவியக்கூடமாக இருக்கிறது. மற்றது சென்ட் ஜேம்ஸ் ஆலயம். ரெகொலே துறவிகளின் மடமாகவும் கோயிலாகவும் 18ஆம் நூற்றாண்டில் எழுந்த இது, பிரிட்டிஷார் ஊரைப் பிடித்த பிறகு நீதிமன்றம், சிறை என்றெல்லாம் பயன்பட்டு 1823இல் ஆங்கிலிக்கன் சபையின் கைக்குப் போனது. கத்தோலிக்கத் துறவிகள் கட்டிய கோயிலில் ஆங்கில ஆராதனை நடந்த காரணம் அதுதான்.

பக்கத்தில் உள்ள பிளாஸ் தார்ம் சதுக்கத்தில் மரநிழலும் இருக்கைகளும் உண்டு, பெற்றோரை உட்கார வைக்க ஏற்ற இடம். அங்கே கிடக்கும் பீரங்கி இந்த ஊரில் சுட்டதில்லை. கிரிமியப் போரில் ரஷ்யரிடம் இருந்து பிரிட்டிஷார் பிடித்து, பேரரசின் ஊர்களுக்குப் பரிசாக அனுப்பியவற்றில் ஒன்று.

அங்கிருந்து ஆற்றங்கரைக்கு இறங்கினால் துறைமுகப் பூங்கா. நடைபாதை இரண்டு தளமாக இருக்கிறது. முழங்கால் வலி உள்ளவர்கள் மேல்தளத்திலேயே இருக்கட்டும், காட்சி ஒன்றுதான். பெருங்கடல் கப்பல்கள் மொன்றியலுக்கும் பேரேரிகளுக்கும் இந்த ஆற்றில்தான் ஏறுகின்றன. ஒரு கப்பல் கடந்துபோனால் கரையில் நின்றபடியே அதன் பெயரைப் படிக்கலாம். கடல் அவ்வளவு தொலைவில் இருந்தும் அலையேற்றத்தின் கடைசி மூச்சு இதுவரை வருகிறது, தண்ணீர் மட்டும் நன்னீர். மேற்கே தெரியும் பெரிய வளைவு லவியொலெத் பாலம், 1967 டிசம்பரில் திறந்தது, 2,707 மீட்டர். மொன்றியலுக்கும் கியூபெக்குக்கும் இடையே சென் லோரன்ஸைக் கடக்கும் ஒரே பாலம் இது. கட்டும்போது 1965 செப்டம்பரில் தூண் அடித்தளப் பெட்டி ஒன்றில் நேர்ந்த விபத்தில் 12 தொழிலாளர் இறந்தார்கள். ஆற்றுக்காற்று ஜூனிலும் உறைக்கும், எல்லோருக்கும் ஒரு மேலாடை காரில் இருக்கட்டும்.

கரையில் இருந்து நேரே உள்ளே ஏறுவது ஃபோர்ஜ் தெரு. வடக்கே உள்ள பழைய இரும்பாலைக்குப் போன பாதை என்பதால் அந்தப் பெயர். கோடையில் ஒரு பகுதியைக் காருக்கு அடைத்து, உணவகங்கள் மேசைகளைத் தெருவுக்கே கொண்டுவந்துவிடுகின்றன. வழியில் 1928இல் திரையரங்காகத் திறந்த தொம்சன் அரங்கின் முகப்பைப் பாருங்கள். சுவர்களில் சிறிய உலோகத் தகடுகள் கண்ணில் படும், அவை கவிதை வரிகள். நகர மையம் முழுக்க 300 அளவில் பதித்திருக்கிறார்கள். 1985 முதல் ஒவ்வோர் அக்டோபரிலும் இங்கே அனைத்துலகக் கவிதை விழா நடக்கிறது. உணவகத்திலும் மதுக்கடையிலும் கவிஞர்கள் எழுந்து வாசிக்க, சாப்பிடுகிறவர்கள் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்கிறார்கள். தகடுகளைக் கைபேசிக் கேமராவின் மொழிபெயர்ப்பில் பார்த்தால் பொருள் அரைகுறையாகத்தான் வரும். இரண்டு மூன்றைப் பார்த்துவிட்டு நகர்வது போதும்.

சாப்பாட்டுக்கு மூன்று விஷயம். பலகையில் 'தினே' என்றிருந்தால் பிரான்சில் இரவுச் சாப்பாடு, கியூபெக்கில் மதியச் சாப்பாடு. இங்கே இரவுக்கு 'சுப்பே', காலைக்கு 'தெழுனே'. பிரான்ஸ் பாடப்புத்தகத்தில் படித்தவர்கள்தான் இதில் குழம்புவார்கள். இரண்டாவது, சைவக்காரர்கள் 'புத்தின்' என்ற கியூபெக் பண்டத்தை உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும்தானே என்று கேட்காமல் வாங்கிவிட வேண்டாம். மேலே ஊற்றும் குழம்பு பெரும்பாலும் மாட்டு அல்லது கோழி எலும்புச் சாறு. "சோஸ் வெஜெத்தாரியன்?" என்று கேளுங்கள், பல கடைகளில் இருக்கும். பட்டாணி சூப்பிலும் சுட்ட அவரையிலும் பன்றி இறைச்சி கிடக்கும். மூன்றாவது, டிப்ஸ். பில்லில் இருக்கும் இரண்டு விற்பனை வரிகளையும் கூட்டினால் 14.975 சதவீதம் வரும். அந்தத் தொகையையே டிப்ஸாக வைத்தால் வழக்கமான 15 சதவீதக் கணக்கு முடிந்தது, இயந்திரம் காட்டும் பெரிய எண்ணை அழுத்தத் தேவையில்லை.

மொழியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், ஆனால் முறை தெரிந்திருக்க வேண்டும். இது மொன்றியல் மையம்போல இருமொழி ஊர் கிடையாது. கடைக்குள் நுழைந்ததும் ஆங்கிலத்தில் கேள்வியைப் போடாமல், முதலில் "போன்ஜூர்" சொல்லி ஒரு நொடி பொறுங்கள். பிறகு ஆங்கிலத்தில் கேட்டால் தெரிந்த அளவில் உதவுவார்கள். இளைஞர்களுக்கு ஆங்கிலம் ஓரளவு வரும், வயதானவர்களிடம் கைச்சாடைதான். கதவில் 'ஊவேர்' என்றால் திறந்திருக்கிறது, 'ஃபெர்மே' என்றால் மூடியாகிவிட்டது.

ஃபோர்ஜ் தெருவுக்கு இணையாகப் போகும் போனவந்தூர் தெருவில் புஷே டெ நீவேர்வில் மாளிகை இருக்கிறது. 1730 வாக்கில் உருவான கல்வீடு, தீ தொடாமல் விட்ட இன்னொன்று. முன்னால் நிற்கும் சிலை, பாலத்துக்குப் பெயர் கொடுத்த அதே மொரிஸ் டுப்ளெசி. 1890இல் இந்த ஊரில் பிறந்து, 1936 முதல் 1939 வரையும் 1944 முதல் 1959இல் சாகும்வரையும் கியூபெக்கை ஆண்டவர். தொழிற்சங்கங்களை ஒடுக்கியதற்காகவும் தேவாலயத்தோடு கைகோத்து ஆண்டதற்காகவும் அந்தக் காலத்தைப் பேரிருள் என்று ஒரு சாரார் சொல்ல, சொந்த ஊரில் சிலை நிற்கிறது.

அதே தெருவில் மேலே ஏறினால் விண்ணேற்பு மாதா பேராலயம், எதிரே சாம்ப்லேன் பூங்கா. நேரம் எவ்வளவு குறைந்தாலும் இதை விடவேண்டாம் என்பேன், குறிப்பாகத் திருத்தலப் பயணமாக வந்தவர்களுக்கு. விக்டர் பூர்ஜோ வரைந்து 1858இல் திறந்த கோத்திக் பாணிக் கோயில். வெளியே பார்க்கச் சாதாரணம். உள்ளே 125 வண்ணக் கண்ணாடி ஓவியங்கள், இத்தாலியின் பிராத்தோவில் பிறந்து மொன்றியலில் வாழ்ந்த கீதோ நின்கேரியின் கைவண்ணம். மொன்றியல் குட்டி இத்தாலியின் கோயிலில் முசோலினியைக் குதிரைமேல் வரைந்து, அதற்காகவே போர்க்காலத்தில் தடுத்து வைக்கப்பட்டவர் இவர்தான். இங்கே அவர் எடுத்துக்கொண்ட பொருள் மாதா பிரார்த்தனை. "தாவீதரசனுடைய உப்பரிகையே, விடியற்காலத்து நட்சத்திரமே" என்று செபமாலை முடிவில் வரிசையாகச் சொல்வோமே, அந்த அடைமொழிகளைத்தான் கண்ணாடியில் எழுதியிருக்கிறார். பிரெஞ்சு தெரியாவிட்டாலும், பிரார்த்தனையை மனப்பாடமாகச் சொல்லும் அம்மாவுக்கு இது எந்த வரி, அது எந்த வரி என்று தேடத் தெரியும். வழிகாட்டிகள் பலருக்கே அந்த வரிசை நினைவில் இருக்காது. மப்பான நாளில் நீலமும் சிவப்பும் மங்கிவிடும். வானம் பகலில் வெளுக்கும் என்றால் மற்றவற்றை முன்னே பின்னே மாற்றி, வெயில் வந்ததும் இங்கே வாருங்கள். பூசை, அடக்கத் திருப்பலி நேரங்களில் சுற்றிப் பார்க்க முடியாது.

அடுத்தது லவியொலெத் தெருவில் பழைய சிறை. 1822இல் திறந்து 1986 வரை கைதிகளை வைத்திருந்தார்கள். கட்டியவர் பிரான்சுவா பையர்ஜே, கியூபெக் நகரப் பழைய சிறையும் அவர் வரைந்ததே. வழிகாட்டியோடுதான் உள்ளே போகலாம், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆங்கிலச் சுற்றுகள் குறைவு, அதனால் ஊருக்குள் வந்ததுமே தொலைபேசியில் நேரத்தைக் கேட்டு, மற்ற நடையை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள். நேரம் தெரியாமல் போய் வாசலில் நின்று திரும்புகிறவர்கள்தான் அதிகம். நாற்பது பேருக்குக் கட்டிய இடத்தில் கடைசிக் காலத்தில் நூறு பேருக்கு மேல் அடைத்தார்கள் என்பதை, கட்டில்கள் நெருங்கிக் கிடக்கும் அறையில் நின்று கேட்கும்போதுதான் உறைக்கும். சுவரில் கைதிகள் கீறிய எழுத்துகளை அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். கீழே வெளிச்சமில்லாத தண்டனை அறைகள். படிகள் உண்டு, பேச்சும் கடுமையாக இருக்கும், ஏழு வயதுப் பிள்ளைக்கு வேண்டாம். ஒருவர் சிறைக்குள் போக, மற்றவர் பிள்ளையைப் பக்கத்திலேயே உள்ள பொப் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போகலாம். கியூபெக் மக்களின் அன்றாட வாழ்க்கைப் பொருட்களைக் கொண்டது, தொட்டு விளையாடும் பகுதிகளும் இருக்கும். இரண்டுக்கும் சேர்த்த சீட்டு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரம் மிச்சமிருந்தால் சென்-மொரிஸ் ஆறு கலக்கும் முனையில் உள்ள பொரேயாலிஸ் என்ற காகிதத் தொழில் அருங்காட்சியகம். ஒரு காலத்தில் உலகின் காகிதத் தலைநகர் என்று இந்த ஊர் தன்னைச் சொல்லிக்கொண்டது. காட்டில் வெட்டிய மரத்தை ஆற்றில் மிதக்கவிட்டு ஆலைக்குக் கொண்டுவருவது 1990களின் நடுப்பகுதிவரை நடந்தது. பொரேயாலிஸ் இருப்பது அப்படிப்பட்ட ஆலை ஒன்றின் நீர் வடிகட்டும் நிலையத்தில். தரைக்குக் கீழே இருக்கும் வெற்று நீர்த்தொட்டிகளுக்குள் விளக்கோடு இறங்கலாம். பிள்ளைக்கு இந்த ஊரில் அதிகம் பிடிக்கப்போவது இதுதான் என்று துணிந்து சொல்வேன். கையாலே காகிதம் செய்யும் பயிற்சியும் நடக்கும், காய நேரம் வேண்டும் என்பதால் கடைசி அரைமணியில் போனால் பலன் இல்லை. மையத்தில் இருந்து நடக்கலாம் என்றாலும் பெரியவர்களோடு காரில் போவதே சரி. பக்கத்தில் மெல்லிய சிவப்புக் கூரையோடு நிற்பது 2015இல் திறந்த கொஜெக்கோ திறந்தவெளி அரங்கு.

வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் உள்ள சென்-மொரிஸ் இரும்பாலையை இதே நாளில் திணிக்காதீர்கள். 1730இல் தொடங்கி 1883வரை ஓடிய, கனடாவின் முதல் இரும்புத் தொழில் அது. நிலத்தில் இருந்து எரிவாயு கொப்பளிக்கும் 'சாத்தான் ஊற்று' உட்பட அதற்கே அரை நாள் தேவை, கோடையில் மட்டும்தான் திறப்பார்கள்.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது ஜூன் நடு முதல் அக்டோபர் முதல் வாரம்வரை பார்த்துக்கொள்ளுங்கள். கோடை தாண்டினால் திங்கட்கிழமைகளில் அருங்காட்சியகங்கள் பல மூடியிருக்கும். ஆகஸ்டில் கார்ப்பந்தயம் நடக்கும் வார இறுதி இந்தக் குடும்பத்துக்கு ஒத்துவராது. 1967 முதல் நடக்கும் அந்தப் பந்தயத்தில்தான் 1976இல் கியூபெக்காரரான ஜில் வில்னெவ் ஃபார்முலா 1 வீரர்களை முந்தி உலகின் கண்ணில் பட்டார். ரசிகர்களுக்குத் திருவிழா, மற்றவர்களுக்கு விடுதியும் கிடைக்காது, நிறுத்த இடமும் கிடைக்காது. செப்டம்பர் தொடக்கத்தில் தொழிலாளர் தின வார இறுதியில் வடக்கே உள்ள லா துய்க் ஊரில் இருந்து சென்-மொரிஸ் ஆற்றில் துடுப்புப் படகுப் போட்டி இறங்கி வந்து இங்கே முடியும். அப்போதும் கூட்டம்தான், ஆனால் கரையில் நின்று பார்க்கப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

உங்கள் குடும்பத்துக்கு என் கணக்கு இப்படி: பதினொன்றரைக்கு உர்சுலின் தெரு, ஒரு மணிக்குள் ஆற்றங்கரை, ஒன்றரைக்குச் சாப்பாடு, மூன்று மணிக்குப் பேராலயம், மூன்றேமுக்காலுக்குப் பொரேயாலிஸ். கடைசிச் சுற்று எத்தனை மணிக்கு என்று காலையிலேயே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். சிறை வேண்டும் என்றால் பொரேயாலிஸை விட வேண்டும், இரண்டையும் அடக்கப் பார்த்தால் பெற்றோர் காரிலேயே உட்கார்ந்திருப்பார்கள். ஐந்தரைக்குக் கிளம்பினால் ஏழு, ஏழேகாலுக்கு மொன்றியல். ஞாயிறு மாலை என்றால் மொன்றியலை நெருங்கும்போது ரெபாந்தினி பக்கம் 40ஆம் நெடுஞ்சாலையில் கார்கள் தேங்கும், அரைமணி கூட்டிக்கொள்ளுங்கள்.